நாற்பத்தோராம் பக்கத்துச் சிவப்பு

ஏலம் மணக்கும் எங்கள் மலையில் இருபத்தேழு ஆண்டுகள் ஏட்டைக் காத்த ஏந்தலே! ஆணி ஒன்று குறைந்தாலும் அரைநாள் தேடும் அலியார் ராவுத்தர் அவர்களே! பாலக்காட்டில் பிறந்து, ஜெர்மன் பாதிரிமாரின் ஓட்டுக் கம்பெனியில் பாஷை பயின்று, பனி படர்ந்த மஞ்சத்தட்டு எஸ்டேட்டுக்குப் பணி செய்ய வந்த பண்பாளரே! எழுதியவன் எழுதாமல் விட்ட சொல்லுக்காக எங்களை எட்டுத் திசையும் ஓடவிட்ட எழுத்தாளுநரே! எங்கள் பொறுமையின் எல்லையை எங்களுக்கே காட்டிக்கொடுத்த பெருந்தகையே! பணி ஓய்வு பெறும் இந்நன்னாளில், பாசத்தோடும் பல்லைக் கடித்துக்கொண்டும் தங்களுக்கு எங்கள் வணக்கத்தைப் படைக்கிறோம்.

அவையோர் எங்களை மன்னிக்க வேண்டும். இதற்கு மேல் அவரைத் 'தாங்கள்' என்று அழைத்து இம்மடலை வாசிக்க எங்களால் இயலாது. கடந்த செவ்வாய்க்கிழமை இதன் முதல் வரைவை அவரிடமே வாசித்துக் காட்டினோம். இரண்டாம் வரியில் கையை உயர்த்தினார். இருபத்தேழு ஆண்டுகள் என்பது தவறு, இருபத்தேழு ஆண்டும் இரண்டு மாதமும் என்றார். நான்காம் வரியில் 'ஓயாத உழைப்பாளர்' என்று வந்தது. நாற்பத்தொன்பதாம் ஆண்டில் மலைக்காய்ச்சலில் பதினோரு நாள் படுத்திருந்ததாகவும், ஆகவே அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஆறாம் வரிக்குள் அவர் கைக்குப் பென்சில் வந்துவிட்டது. தமக்கு வாசிக்கும் பாராட்டு மடலுக்கே பிழை திருத்திய மனிதரை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

எனவே, இனி உங்களிடம் அவரைப் பற்றி 'அவர்' என்று சொல்லிக்கொண்டு போகிறோம். தம்மிடம் சொல்லாததைத் திருத்த அவருக்கு உரிமை கிடையாது. இன்னொருவரையும் 'அவர்' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இம்மடலை எழுதித் தட்டச்சு செய்த ஹெட் கிளார்க் ஆறுமுகசாமிதான் அந்த இன்னொருவர். கொழிஞ்சாம்பாறையில் நெல்லும் கடலையும் விளைவித்த குடும்பத்தில் பிறந்து, பத்து விரலையும் நம்பி மலையேறி வந்தவர். ராவுத்தரால் இந்த எஸ்டேட்டில் மிக அதிகமாக எரிச்சல்பட்டவர் யார் என்று ஓட்டெடுப்பு நடத்தினால், எதிர்ப்பே இல்லாமல் வெற்றி பெறக்கூடியவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு ஜூன் மாதத்தில், கொச்சித் துறைமுகத்திலிருந்து பதினேழு மரப்பெட்டிகள் போடி வழியாக நம் மலைக்கு ஏறி வந்தன. ஏலக்காயை வெந்நீர்க் குழாய் இல்லாமல், விறகுப் புகையும் படாமல் சூடான காற்றால் உலர்த்தும் ஜெர்மன் இயந்திரம் அவற்றில் இருந்தது. கூடவே அறுபத்துநான்கு பக்கப் புத்தகம் ஒன்றும் இருந்தது. முழுக்க முழுக்க ஜெர்மன் பாஷை. இங்கிலீஷ் புத்தகம் அடுத்த கப்பலில் வருகிறது என்று இயந்திரத்தை விற்ற கொச்சி ஏஜென்சி எழுதியது. அந்தக் கப்பல் இன்று வரை கரை தட்டவில்லை.

மேனேஜர் அவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டோர் கிளார்க் அலியார் ராவுத்தர் வந்து, தமக்கு ஜெர்மன் தெரியும் என்றார். ஓட்டுக் கம்பெனியில் ஆறு ஆண்டுகள் ஒரு ஜெர்மன் மிஸ்திரியின் பக்கத்தில் நின்று, அவர் சொல்லச் சொல்லக் கருவிகளை எடுத்துக்கொடுத்தவர் அவர். மேனேஜர் அவர்கள் மகிழ்ந்தார். இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். ராவுத்தர் இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொல்லவும், அப்போது வெறும் தட்டச்சுக்காரராக இருந்த ஆறுமுகசாமி அதை அடிக்கவும் உத்தரவாயிற்று. அன்று தொடங்கியது ஆறுமுகசாமிக்குச் சனி.

வேலை இரண்டு மாதத்தில் முடியவில்லை. பதினான்கு மாதம் ஆயிற்று.

குற்றம் முழுவதையும் ராவுத்தர் மேல் போடவும் முடியாது. அந்தப் புத்தகத்தை எழுதிய ஜெர்மன்காரர் வினைச்சொல்லுக்கு அத்தனை கஞ்சர். 'முதல் குழாய் காற்றைக் கொண்டுபோகிறது, இரண்டாவது புகையை' என்று நிறுத்திவிடுவார். இது பரவாயில்லை, முன்னால் இருக்கும் வினையை இழுத்துப் பின்னாலும் போட்டுக்கொள்ளலாம் என்பார் ராவுத்தர். அடுத்த வாக்கியத்தில் 'சாம்பல் வெளியே வேண்டும்' என்று இருக்கும். போக வேண்டுமா, எடுக்க வேண்டுமா, தானாகவே விழுந்துவிடுமா என்று ஒன்றும் இருக்காது. நம் தமிழிலும் நாம் இப்படித்தானே பேசுகிறோம், எங்கே பயணம் என்று கேட்டால் யாருக்குப் புரியாமல் போகிறது என்று ஆறுமுகசாமி வாதாடினார். பேசுகிறவன் முகம் எதிரில் இருந்தால் புரியும், இந்த ஜெர்மன்காரன் முகம் எங்கே இருக்கிறது என்றார் ராவுத்தர். இங்கிலீஷோ வினைச்சொல் இல்லாமல் ஓர் அடி நகராத பாஷை. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொல்லை இவர்களே வைத்தாக வேண்டும்.

வைப்பதற்கு முன்னால் ராவுத்தர் இயந்திரத்திடம் போவார். சாம்பல் வாக்கியத்துக்காக அவர் போனதை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். உலர்த்தும் கூடத்தில் மண்டியிட்டு, அடுப்பு வாயில் தலையை விட்டு, ஒரு மணி நேரம் கழித்து முழங்கை வரை சாம்பலோடு திரும்பி வந்தார். தானாக விழாது, எடுக்கத்தான் வேண்டும் என்று அறிவித்தார். அதைக் கூடத்தில் விறகு அடுக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். அதுவரை ஆறுமுகசாமி, பாதி வாக்கியம் அடித்த தாளோடு, விரலைக் காற்றில் நிறுத்தி உட்கார்ந்திருந்தார்.

இது போதாதென்று ஒரு சட்டமும் போட்டார். நம் ஆபீஸ் தட்டச்சு இயந்திரத்தில் பாதி கறுப்பும் பாதி சிவப்புமான ரிப்பன் உண்டு. ஜெர்மன்காரர் சொன்னதெல்லாம் கறுப்பில் இருக்க வேண்டும், தாம் சேர்த்த வினைச்சொல் மட்டும் சிவப்பில் இருக்க வேண்டும் என்றார். ஆகவே வாக்கியத்துக்கு இரண்டு தடவை ரிப்பன் மாற்றும் விசையைத் தட்ட வேண்டும். தொல்லை அதோடு முடியவில்லை. அடியில் வைத்த மூன்று கார்பன் நகல்களிலும் சிவப்பு விழாது, எல்லாமே ஒரே கருநீலமாகத்தான் விழும். எனவே ஒவ்வொரு நகலிலும் அந்தந்தச் சொல்லுக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவதும் ஆறுமுகசாமியின் வேலையாயிற்று. அறுபத்துநான்கு பக்கம், மூன்று நகல், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கோடு. இந்தக் கொடுமையை எந்தச் சட்டப் புத்தகத்தில் படித்தீர்கள் என்று ஒரு நாள் அவர் கேட்டே விட்டார். அதற்கு ராவுத்தர் சொன்னதை அவர் இன்று வரை மறக்கவில்லை.

"அந்த ஆளு வாயத் தொறக்காத எடத்துல நாம ஒரு சொல்லு வெக்கறோம். தப்பாப் போச்சுன்னா, வெச்சது யாருன்னு தெரியோணுமல்லங்க?"

ஆறுமுகசாமிக்கு அப்போது அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தப்பு செய்கிறவன் தன் தப்புக்குத் தானே சிவப்பு அடிக்கும் ஊர் எங்கே இருக்கிறது என்று தமக்குள் புலம்பிக்கொண்டே பென்சிலைச் சீவினார்.

இந்த இடத்தில் ஓர் இரும்புத் துண்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பதினேழு பெட்டிகளில் ஒன்றின் அடியில், எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு முழ நீள இரும்புத் துண்டு கிடந்தது. ஒரு முனை சதுரமாகவும் மறுமுனை உருண்டையாகவும் இருந்தது. அதில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. ராவுத்தர் அதை ஸ்டோர் பதிவேட்டில் 'உபயோகம் தெரியாத இரும்பு, ஒன்று' என்று எழுதி வைத்தார். மலைக்காற்று ஆபீஸ் தாள்களை ஆற்றங்கரை வரை அடித்துக்கொண்டு போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த இரும்பு ஸ்டோரிலிருந்து ஆறுமுகசாமியின் மேசைக்கு வந்து, தாள்களின் மேல் உட்கார்ந்தது. எதற்கு என்று தெரியாத பொருளை ஸ்டோரை விட்டு வெளியே அனுப்புவதில் ராவுத்தருக்கு இஷ்டமில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறோம்.

கடினம் என்று கடைசிக்குத் தள்ளி வைத்திருந்த நாற்பத்தோராம் பக்கம், மற்ற அறுபத்துமூன்றும் முடிந்த பிறகு, ஐம்பத்துமூன்று ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வந்தது. உலர்த்தும் கூடத்தில் முழுச் சுமை ஏலக்காய் ஏற்றினால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் பக்கம் அது. ஆறாம் வரியில் ஜெர்மன்காரர் 'தீ சிறிது, தகடு திறந்து, பிறகு கதவு' என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டார். தீயைக் குறைக்க வேண்டும், அது தெரிகிறது. கடைசியில் கதவைத் திறக்க வேண்டும், அதுவும் தெரிகிறது. நடுவில் இருக்கும், அனலை வெளியே விடும் அந்தத் தகட்டை யாராவது திறக்க வேண்டுமா, அல்லது தீ குறைந்தால் அதுவாகவே திறந்துகொள்ளுமா? ராவுத்தர் வழக்கம் போல எழுந்து போனார். தகட்டின் மேல் கைப்பிடி இல்லை, பிடிக்க ஒரு விளிம்பும் இல்லை, பின்னால் எதிர் எடைக்கல் மட்டும் தொங்குகிறது என்று திரும்பி வந்து சொன்னார். கைப்பிடி இல்லாததால் தானாகத் திறக்கும் என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் ஜெர்மனிக்கு எழுதிக் கேட்டுவிட்டு அடிக்கலாம் என்றார்.

ஜெர்மனிக்கு எழுதினால் பதில் வர மூன்று மாதம் ஆகும். மறுநாள் காலையில் கொழிஞ்சாம்பாறையில் ஆறுமுகசாமியின் தங்கை பூவாத்தாளுக்கு நிச்சயதார்த்தம். போடிக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. ஆறுமுகசாமிக்குக் கோபம் வந்தது.

"ஏனுங்க ராவுத்தரே, ஏதாச்சும் ஒன்னப் போட்டு உடுங்க. பதினாலு மாசமா இந்தத் தகட்டையும் சாம்பலையும் கட்டிக்கிட்டு அழுகறேன். அது தொறந்தா என்ன, தொறக்காட்டி என்னங்க?"

ராவுத்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, தகடு தானாகத் திறக்கும் என்று அடிக்கச் சொன்னார். சிவப்பில் அடிக்கச் சொன்னார். நகல்களில் கோடு போட மறக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஜெர்மனிக்கு ஒரு கடிதம் எழுதி அன்றைத் தபாலிலேயே சேர்த்தார். அடித்து முடித்த மூலத் தாளை, திருத்தம் வந்தால் மாற்றுவதற்காக, தம் ஸ்டோர் பீரோவில் வைத்துப் பூட்டினார். மூலத்தில் சிவப்பை அடித்த கையோடு ஆறுமுகசாமி பஸ்ஸுக்கு ஓடியிருந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் நகல்கள் பைண்டிங் ஆகி, ஒன்று மேனேஜர் அறைக்கும், ஒன்று கொச்சி ஏஜென்சிக்கும், ஒன்று உலர்த்தும் கூடத்துச் சுவருக்கும் போய்விட்டன. அவற்றில் அறுபத்துமூன்று பக்கங்களில் சிவப்புக் கோடு இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் இல்லை.

ஐப்பசியில் காய் குவிந்தது. அதுவரை பாதிச் சுமையே ஏற்றி வந்த இயந்திரத்தில் முதல் முறையாக முழுச் சுமை ஏற்றினார்கள். ஃபிட்டர் சுடலை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு ஆண்டுகள் நம் எஸ்டேட்டின் ஒவ்வொரு திருகையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர், சுவரில் தொங்கிய நகலை எழுத்துக் கூட்டி வாசித்தார். தீயைக் குறைத்தார். தகடு தானாகத் திறக்கும் என்று எழுதியிருந்ததால், அதன் எதிரில் நின்று காத்திருந்தார். தகடு திறக்கவில்லை. உள்ளே காய் கருகும் வாடை வந்த பிறகு, வேறு வழி தெரியாமல் கதவைத் திறந்தார். உள்ளே அடைபட்டுக் கிடந்த அனல் அவர் வலது கையை விரலிலிருந்து முழங்கை வரை தீய்த்துவிட்டது. அந்தச் சுமை முழுவதும் கரியாயிற்று.

கொச்சியிலிருந்து ஏஜென்சியின் எஞ்சினியர் ஒருவர் வந்தார். அந்த இயந்திரத்தை அவர் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இயந்திரம் முழுவதையும் தட்டிப் பார்த்து, ஒரு பழுதும் இல்லை என்றார். பிறகு தம் நகலைப் பிரித்து நாற்பத்தோராம் பக்கத்தைக் காட்டினார். தகடு தானாகத் திறக்கும் என்று இயந்திரம் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள், அதன் அடியில் மொழிபெயர்ப்பாளரின் சிவப்புக் கோடு கூட இல்லை, இந்தச் சொல் அவர்களுடையதேதான் என்றார். ஆகவே தகடு திறந்திருக்கும், திறந்து மூடியும் இருக்கும், அந்த நேரத்தில் ஃபிட்டர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று முடிவு சொன்னார். வேலை நேரத்தில் தூங்கியவருக்கு வேலை இல்லை, லயத்து வீடும் இல்லை. வெள்ளிக்கிழமை விசாரணை, சனிக்கிழமை வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. சுடலையின் மனைவி பெரியம்மாள் இரண்டு பிள்ளைகளோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

ஆறுமுகசாமி ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். அவருக்கு நாற்பத்தோராம் பக்கம் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இரண்டு தடவையும் திரும்ப இழுத்துப் போட்டுக்கொண்டார். ஹெட் கிளார்க் நாயர் மார்ச்சில் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடம் ராவுத்தருக்கு என்றும், ராவுத்தர் வேண்டாம் என்றால் ஆறுமுகசாமிக்கு என்றும் பேச்சு இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ராவுத்தர் உலர்த்தும் கூடத்துக்குப் போய்ப் படுத்துவிட்டார். மல்லாக்கப் படுத்து, தகட்டுக்குப் பின்னால் கையை நுழைத்து, விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கப்பலில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பிய மசகு அங்கே கட்டியாக உறைந்திருந்தது. அதைச் சுரண்டியபோது உள்ளே ஒரு சதுரத் துளை விரலுக்குத் தட்டுப்பட்டது. எழுந்து வந்தார். நேரே ஆறுமுகசாமியின் மேசைக்கு வந்தார். தாள்களின் மேல் உட்கார்ந்திருந்த இரும்புத் துண்டின் சதுர முனையைப் பார்த்தார், ஆறுமுகசாமியைப் பார்த்தார், துண்டை எடுத்துக்கொண்டு போனார். தாள்கள் காற்றில் பறந்தன. ஆறுமுகசாமி அவற்றைப் பிடிக்கவில்லை.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்ய ஆறுமுகசாமியை உட்கார வைத்திருந்தார்கள். முதலில் சுடலையைக் கேட்டார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"நான் ஒறங்கல அய்யா. கண்ண எடுக்காம அந்தத் தகட்டத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். தொறக்கும்னு எழுதியிருந்துச்சு. தொறக்கல."

எஞ்சினியர் சிரித்தார். அப்போது ராவுத்தர், யாரும் கூப்பிடாமலே, உள்ளே வந்தார். எல்லோரையும் எழுந்து வரச் சொன்னார். உலர்த்தும் கூடத்துக்கு அழைத்துப் போய், இரும்புத் துண்டின் சதுர முனையைத் தகட்டின் பின்னால் செருகி அழுத்தினார். தகடு திறந்தது. கையை எடுத்தார், மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினார், திறந்தது. பிறகு திரும்பவும் அறைக்கு வந்து, பீரோவிலிருந்து கொண்டுவந்த மூலத் தாளை மேசைமேல் விரித்தார்.

"தானாத் தொறக்கும்ங்கற சொல்லு ஜெர்மன் புஸ்தகத்துல இல்லீங்க. அது நான் வெச்சது. செவப்பா இருக்குது பாருங்க. சொடலை நான் சொன்னதக் கேட்டு நின்னவரு. தப்பு அவருதில்லீங்க, என்னுது."

மேனேஜர் அவர்கள் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நகலில் ஏன் கோடு இல்லை என்று கேட்டார். நகலில் விட்டுப்போயிற்று, சரிபார்க்க வேண்டியது தம் பொறுப்பு என்றார் ராவுத்தர். இந்த இரும்பு இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்டார். ஸ்டோர் இரும்புதான், கவனிக்காமல் கிடந்தது என்றார். எழுதிய வாக்கியத்தில் யார் செய்தார் என்பது இல்லாவிட்டால் சோறு இறங்காத மனிதர், அன்று அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்களில் செய்தவரை அப்படியே விட்டுவிட்டார். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து அவற்றைத் தட்டச்சு செய்தவர் ஆறுமுகசாமி. சொன்னதைச் சொன்னபடி அடித்தார். கறுப்பில் அடித்தார்.

சுடலைக்கு வேலையும் வீடும் நிலைத்தன. இன்று இந்தப் பந்தலுக்கு விளக்குப் போட்டவர் அவர்தான். பெரியம்மாள் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். ராவுத்தருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. மார்ச்சில் ஹெட் கிளார்க் இடம் ஆறுமுகசாமிக்குப் போயிற்று. ராவுத்தர் ஸ்டோரிலேயே இருந்தார், இன்று வரை.

ஜெர்மனியிலிருந்து பதில் அந்தத் தை மாதத்தில் வந்தது. அழகான கம்பெனிக் காகிதத்தில், முத்திரையோடு, இரண்டே சொல். 'நிச்சயமாக, கையால்.' அந்தப் பதிலிலும் வினைச்சொல் இல்லை. ராவுத்தர் அதைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்ததை நாங்கள் எல்லோரும் கேட்டோம். ஆறுமுகசாமி மட்டும் சிரிக்கவில்லை.

இனிச் சொல்வதுதான் ஆறுமுகசாமியின் மெய்யான ஆற்றாமை. நாலேகால் ஆண்டுகள் ராவுத்தர் தினமும் அவர் மேசைக்கு வந்திருக்கிறார். தம்மை விடப் பத்து வயது இளையவரிடம், மேலதிகாரி என்று எழுந்து நின்று கையெழுத்து வாங்கியிருக்கிறார். சரக்குக் கேட்கும் இன்டென்ட் தாளில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். நாற்பத்தோராம் பக்கத்தைப் பற்றி ஒரு தடவையாவது, கோபத்தில் ஒரு தடவையாவது, வாய் தவறி ஒரு தடவையாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. மேசையில் தாள் பறப்பதைப் பார்த்து, ஒரு நாள் ஆற்றிலிருந்து ஒரு கூழாங்கல்லைக் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு மனிதரை இதைவிடக் கொடுமையாக யாரும் தண்டிக்க முடியாது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருக்கலாம். இந்தப் பொறுமையை எதிர்த்து எதைச் செய்வது?

அவையோரே, ஊழியர் குழு ஒப்புக்கொண்ட மடல் கூழாங்கல்லோடு முடிகிறது. போடியில் கண்ணாடிச் சட்டம் போட்டு இன்று அவர் கையில் கொடுக்கப்போகும் தாளில், அதன் கீழே மூன்று வாக்கியங்கள் சிவப்பு ரிப்பனில் அடிக்கப்பட்டிருக்கின்றன. காதுக்குச் சிவப்புத் தெரியாது என்பதால் சொல்லிவிட்டு வாசிக்கிறோம். நகல் எடுத்தால் சிவப்பு விழாது என்பதால் இதற்கு நகல் எடுக்கவில்லை.

நாற்பத்தோராம் பக்கத்தின் மூன்று நகல்களிலும் கோடு போடாமல் விட்டவர் ஆறுமுகசாமி. உபயோகம் தெரியாமல் வெளியே அனுப்பக்கூடாது என்று ராவுத்தர் மறுத்த பிறகும், ஸ்டோர் இரும்பைக் கேட்டு வாங்கித் தம் மேசையில் வைத்துக்கொண்டவர் ஆறுமுகசாமி. இவ்விரண்டையும் அறிந்தே, ராவுத்தருக்கு உரிய நாற்காலியில் நாலேகால் ஆண்டுகளாக அமர்ந்திருப்பவர் ஆறுமுகசாமி.

மேனேஜர் அவர்கள் முன்வரிசையில்தான் இருக்கிறார். நாளைக் காலையில் அவர் கேட்பதை எல்லாம் கேட்கட்டும், பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

அண்ணலே! அலியார் ராவுத்தர் அவர்களே! மீண்டும் தங்களையே நோக்குகிறோம். துணைவியார் பேகம் ருக்கியா அம்மையாரோடும் மக்களோடும் பாலக்காட்டு வீட்டில், காய்ச்சலும் கவலையும் கதவைத் தட்டாமல், கண்ணும் கையும் இன்று போல் என்றும் கூர்மையாக, நூறாண்டு நலமாக வாழ வேண்டும் என்று இறைவனை இறைஞ்சுகிறோம். இந்த வாழ்த்தில் வினைச்சொல் இருக்கிறது, தேட வேண்டாம். கையை உயர்த்தவும் வேண்டாம். மேலே உள்ள சிவப்பு வாக்கியங்களில் பிழை எதுவும் கிடையாது, பல தடவை சரிபார்த்தாயிற்று.

இங்ஙனம்,
மஞ்சத்தட்டு எஸ்டேட் ஆபீஸ், ஸ்டோர், உலர்த்தும் கூட ஊழியர்கள்
சாந்தன்பாறை, 30-6-1958

சிவப்பில் உள்ளவற்றுக்கு ஊழியர்கள் பொறுப்பல்லர். அவற்றை வைத்தவர்:
கொ. ஆறுமுகசாமி